மொய் டம்ளரும் கண்ணாடி சிரிஞ்சும்

எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அடி இப்போது கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா மொய்யோடு வைத்த ஆறு டம்ளர்களில் ஒன்று. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக மாமாவின் இனிஷியலும் 1984 என்ற வருசமும் வெட்டியிருக்கும். விளிம்பு முதல் அடி வரை ஒரே அகலத்தில் நேராக இறங்கும் பழைய மாடல். இந்த வடிவத்துக்காக நான் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கினேன். இப்போது வருவதெல்லாம் அடியில் குறுகித்தான் வருகிறது. கடைசியில் வேண்டியது எங்கள் அடுக்களை அலமாரியிலேயே இருந்தது.

"அது எங்க அண்ணன் வெச்சதுடா. நெருப்புல காட்டுறன்னு சொல்ற" என்றார் அம்மா. இரண்டு நாள் கழித்து அவரே எடுத்துக் கொடுத்தார். இந்தப் பதிவு அந்த டம்ளரை வைத்து நான் செய்த ஸ்டிர்லிங் எஞ்சினைப் பற்றியது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறேன். இரண்டாம் நிலை பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ், பதினாறு வருச வேலை. ஷிப்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம். அப்புறம் பிரஷர், அப்புறம் சேஃப்டி வால்வு. தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் தூக்கத்தில்கூட என் கண்ணுக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்தான் தெரியும். இப்படி இருக்கிறவனிடம், நீராவியே இல்லாமல், வால்வே இல்லாமல், வெறும் காற்றை அடைத்து வைத்து வெளியில் இருந்து சூடு காட்டினால் ஒரு எஞ்சின் ஓடும் என்று சொன்னால் விட முடியுமா? எங்கள் பாய்லர் அறைக்கு வந்த ஒரு ஐ.டி.ஐ. பையன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஸ்டிர்லிங், ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார். அவர் காப்புரிமை வாங்கியது 1816ல். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. எங்கள் ஊர்க்காரர்கள் எந்தப் பழைய வருசத்தையும் அதில் இருந்துதான் எண்ணுவோம். ஆக, அதற்குப் பத்து வருசம் கழித்து. 1818ல் ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைக்க இந்த எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் காப்புரிமையில் அவர் பெரிதாகச் சொன்ன பாகத்துக்கு வைத்த பெயர் எக்கனமைசர். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பாய்லரில் புகைபோக்கிக்குப் போகும் சூட்டைப் பிடித்து பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டரைச் சூடாக்கும் பாகத்துக்கும் அதே பெயர்தான். தினமும் நூறு தடவை சொல்லும் வார்த்தை.

எப்படி ஓடுகிறது என்பதை என் பாஷையில் சொல்கிறேன். மூடிய ஒரு பாத்திரம். அடி சூடு, தலை குளிர்ச்சி. உள்ளே பாத்திரத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு காலி டப்பா மேலும் கீழும் போய் வருகிறது. புத்தகத்தில் இதை டிஸ்பிளேசர் என்பார்கள், நான் உள்டப்பா என்கிறேன். உள்டப்பா மேலே போனால், அங்கே இருந்த காற்று ஓர இடுக்கு வழியாக அடிக்கு இறங்கிச் சூடாகி விரிகிறது. கீழே வந்தால் காற்று தலைப் பக்கம் ஏறிக் குளிர்ந்து சுருங்குகிறது. விரியும்போது பக்கத்தில் வைத்த பிஸ்டனை வெளியே தள்ளும். சுருங்கும்போது வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே அழுத்தும். இரண்டையும் ஒரே தண்டில் கால் சுற்று வித்தியாசத்தில் மாட்டி ஒரு சக்கரத்தை வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியே போவதே இல்லை. அதே காற்றுதான் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது.

எதையும் புதிதாக வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். கையில் காசு இல்லாததால் அல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் காயலான் கடைகளில் கிடக்கிற சாமான்களின் தரம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் யாரோ மிகுந்த கவனத்தோடு கடைந்து, தேய்த்து, பொருத்திய பாகங்கள் அங்கே கிலோ கணக்கில் கிடக்கின்றன.

குளிர்ப் பக்கத்துக்கு ஒரு டிவிஎஸ் 50 வண்டியின் சிலிண்டர் ஹெட். அலுமினியம், சுற்றிலும் இறக்கை இறக்கையாக இருக்கும். அதன் வேலையே சூட்டைக் காற்றில் விடுவதுதான். நடுவில் ஸ்பார்க் பிளக் துளை தயாராக இருக்கிறது. உள்டப்பாவின் கம்பி போய் வர அதைவிட நல்ல இடம் இல்லை. பழைய பிளக் ஒன்றை எடுத்து பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, மீதமிருந்த இரும்பு மரைக்குள் ஒரு பித்தளை ரீஃபில் குழாயை அரால்டைட் போட்டு நேராக நிறுத்தினேன். சைக்கிள் போக்ஸ் கம்பி அதற்குள் அளவெடுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் காற்றும் கசியாது.

ஹெட்டின் உள்பக்கம் குழிவாக இருக்கும், பெட்ரோல் எரியும் இடம். அந்தக் குழியில் நிற்கும் காற்று சூடாகவும் செய்யாது, குளிரவும் செய்யாது, அழுத்தத்தை மட்டும் தின்னும். எம்-சீல் பிசைந்து அடைத்து, லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக்கினேன். நூற்றைம்பது ரூபாய் ஆனது. பழைய போல்ட் துளைகள் நான்கும் டம்ளர் வாய்க்கு உள்ளே விழுந்தன. அவற்றையும் அடைத்துவிட்டு, இறக்கைகளுக்கு நடுவே புதிதாக நான்கு துளை போட்டேன். டம்ளர் விளிம்பு வெளிப்பக்கம் சுருட்டி இருக்கும் அல்லவா, அதன் கீழே கோர்க்க ஹைலம் பலகையில் ஒரு வளையம். பழைய ஸ்விட்ச் போர்டில் இருந்து அறுத்தது. வளையத்தையும் ஹெட்டையும் நான்கு போல்ட் பிடித்து இறுக்கும்.

கேஸ்கெட் எங்கள் தொழிற்சாலைக் கழிவில் இருந்து வந்தது. குரோம் பதனிட்ட தோல், நாங்கள் வெட் புளூ என்போம். வானத்து நீலத்தில் இருக்கும். பதனிடுதல் சரியாக ஏறியதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் வந்தால் சரி. அந்தச் சோதனையில் தேறிய துண்டு ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, காயவைத்து, வளையமாக வெட்டி, மெழுகுவத்தியைத் தேய்த்து ஏற்றினேன். இந்த மெழுகு பின்னால் கதைக்குள் வரும்.

உள்டப்பா 250 மில்லி ஒல்லிக் குளிர்பானக் கேன். அகலம் 53 மில்லிமீட்டர். டம்ளரின் உள்ளகலம் 57. சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு, அதில்தான் காற்று ஏறி இறங்க வேண்டும். இரண்டு கேனை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி 55 மில்லிமீட்டர் உயரத்தில் மூடிய டப்பா ஆக்கினேன். முதல் தடவை ஒட்டின இடம் அடிப்பக்கம் வந்துவிட்டது, சூட்டில் பசை பொரிந்து பிரிந்தது. அடுத்த தடவை ஒட்டு மேல்பக்கம் வரும்படி திருப்பினேன். பசை, மெழுகு, ரப்பர் எதுவும் சூடு படும் பக்கம் இருக்கக்கூடாது.

சக்கரத்துக்கு முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கின் மோட்டாரை அப்படியே வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உள்ளே காந்தம் இருக்கிறது, விரலால் சுற்றினாலே தட்டுத் தட்டாக நிற்கும். சின்ன எஞ்சினுக்கு அந்தத் தடை மலை மாதிரி. காயலான் கடைக்காரர்தான் ஒரு மூலையில் இருந்து பழைய வீடியோ டெக் ஒன்றை இழுத்துப் போட்டார். சின்ன வயதில் தெருவில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள், நினைவிருக்கும். அதன் உள்ளே கேசட் நாடா சுற்றி வரும் வெள்ளி உருளை ஒன்று இருக்கும். அந்த உருளையின் பேரிங்கை ஒரு தடவை கையால் சுற்றிப் பாருங்கள். முப்பது வருசம் கழித்தும் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நாடாவில் இருந்து படத்தை எடுக்க அந்த உருளை கொஞ்சமும் ஆடக்கூடாது, அதனால் அத்தனை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்டில் ஹார்ட் டிஸ்க் தட்டுகள் மூன்றை மாட்டியதும் சக்கரம் தயார். சுற்று எண்ண வசதியாக மேல் தட்டில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

மீதி இருந்தது பிஸ்டன். இதில்தான் மூன்று மாதம் போனது.

மாமா வேலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் முப்பது வருசத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தவர். பிளாஸ்டிக் சிரிஞ்ச் வருவதற்கு முன்னால் கண்ணாடி சிரிஞ்சுகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்து ஊசி போட்ட காலம் அவருடையது. கண்ணாடிக்குள் கண்ணாடி, நடுவில் ரப்பர் கிடையாது, எண்ணெய் கிடையாது. தேய்த்துத் தேய்த்து ஒன்றுக்கொன்று பொருத்தியது. வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் காற்று விடாது. ஒரு சின்ன எஞ்சினுக்கு இதைவிட நல்ல பிஸ்டனை எந்த லேத்திலும் கடைய முடியாது. ஐப்பசியில் ஒருநாள் முத்துக்கடையில் பஸ் ஏறி ஆற்காடு, விஷாரம், ரத்தினகிரி தாண்டி சத்துவாச்சாரியில் அவர் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் மக்கன் பேடா அத்தைக்கு. விஷயத்தைச் சொன்னதும் பரண் மேலிருந்து ஒரு எவர்சில்வர் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே மூன்று குழாய், நான்கு தண்டு. "எல்லாத்தையும் எடுத்துக்குனு போ. நான் வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்" என்றார்.

இருபது மில்லி குழாய் இரண்டு இருந்தன. எந்தத் தண்டு எந்தக் குழாயில் மிகச் சுலபமாக வழுக்குகிறதோ அந்த ஜோடியை எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. எஞ்சினை முழுவதும் மாட்டி, அடியில் விளக்கு வைத்து, சக்கரத்தைச் சுண்டினால் நாலு சுற்று, ஐந்து சுற்று, நின்றுவிடும். கசிவு என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கேஸ்கெட்டை மூன்று தடவை மாற்றினேன். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் நைட் ஷிப்ட் முடிந்து வந்து இதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

பொங்கலுக்கு அம்மாவுக்குச் சீர் கொண்டுவந்தார் மாமா. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் இறக்கி வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரிஞ்சைக் கழற்றச் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னாடா இது? ரெண்டும் வேற வேற ஜோடி. நம்பர பாக்கலியா நீ?"

குழாயின் விளிம்பில் ஒரு எண், தண்டின் தலையில் ஒரு எண். கண்ணாடியிலேயே சின்னதாகப் பொறித்திருந்தது, மூன்று மாதமாக என் கண்ணில் படவே இல்லை. ஒரு குழாய்க்கு ஒரு தண்டு என்று இரண்டையும் சேர்த்தே தேய்த்துப் பொருத்துவார்களாம், ஒன்றின் தண்டு இன்னொன்றுக்கு ஆகாதாம். "மாத்திப் போட்டா ஊசி குத்தும்போது மருந்து பின்னால ஏறி வந்துடும். கொதிக்க வெச்சி எடுத்ததும் மொதல் வேலையே நம்பர் பாத்து சேக்கறதுதான்" என்றார். சரியான தண்டைத் தேடி எடுத்துப் போட்டார். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு குழாயை நேராக நிறுத்திக் காட்டினார். தண்டு கீழே இறங்காமல் அப்படியே காற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. விரலை எடுத்ததும் சர்ரென்று இறங்கியது. இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். நான் சுலபமாக வழுக்குவதைத்தான் பார்த்தேன், பிடித்து நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

அன்று மாலையும் உடனே ஓடிவிடவில்லை. நான் சுண்டிய பக்கம் ஓட மறுத்தது. எதிர்ப்பக்கம் சுண்டியதும் பிடித்துக்கொண்டது. உள்டப்பா எந்தத் திசையில் பிஸ்டனுக்குக் கால் சுற்று முன்னால் போகிறதோ அந்தத் திசையில்தான் இது ஓடும். செய்பவர்கள் முதலிலேயே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தண்டு கனம் என்பதால் சக்கரத்தின் எதிர்ப்பக்கம் ஒரு நட்டை ஒட்டி எடையைச் சமன் செய்தேன். இன்னும் நன்றாகச் சுற்றியது.

ஒரு சின்ன விஷயம், விளக்கைப் பற்றி. முதலில் கடலை எண்ணெய் ஊற்றிய அகல் விளக்கு வைத்திருந்தேன். டம்ளர் அடியில் புகைக்கரி படிந்தது. கரி சூட்டை உள்ளே விடாது. பாய்லர் டியூப்களை நாங்கள் பிரஷ் போட்டுத் தேய்ப்பதே அதற்குத்தான். அதனால் மெடிக்கல் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, இங்க் பாட்டிலில் ஊற்றி, தகர மூடியில் துளை போட்டுத் திரி இட்டேன். நீலச் சுடர், கரி இல்லை. எரியும்போது அதில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவைத்து, பிறகு ஊற்றுங்கள்.

தை மாதத்தில் பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு மெதுவாகிக் கடைசியில் நின்றுவிட்டது. நான் அப்போதே யோசித்திருக்கலாம். ஓடிய சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். சித்திரை கடைசியில், அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகு, தெருப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று மறுபடி எடுத்தேன். மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. சூடு பத்தவில்லை என்று நினைத்துத் திரியைத் தூக்கிச் சுடரைப் பெரிதாக்கினேன். இரண்டே நிமிடத்தில் நின்றது.

பாய்லர்க்காரனுக்கு இது புரியாத விஷயம். எங்களிடம் பிரஷர் குறைந்தால் நெருப்பைக் கூட்டு என்பதுதான் பதில். இங்கே நெருப்பைக் கூட்டக் கூட்ட எஞ்சின் சீக்கிரம் செத்தது.

சூடு அளக்கும் துப்பாக்கி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். பளபளப்பான எவர்சில்வரில் அது சரியாகக் காட்டாது, மிகக் குறைத்துக் காட்டும். அதனால் டம்ளர் அடியில் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் அடித்தேன். பதிவின் முதல் வரியில் சொன்ன கறுப்பு இதுதான். அளந்தால் அடி 310 டிகிரி, நின்றுபோன நேரத்தில் ஹெட் 74 டிகிரி. எனக்கு அடிச் சூட்டைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. ஹெட்டின் 74ஐப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

இந்த எஞ்சினுக்குச் சாப்பாடு சூடு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் சாப்பாடு. கணக்கு இப்படி: இரண்டு சூட்டோடும் 273ஐக் கூட்டுங்கள். குளிர்ப் பக்கம் 347, சூட்டுப் பக்கம் 583. முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஒன்றில் இருந்து கழித்தால் சுமார் 0.40. அதாவது உலகத்திலேயே மிகச் சிறந்த எஞ்சினாக இருந்தாலும் உள்ளே போகும் சூட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. என்னுடைய டம்ளர் எஞ்சின் அதில் எத்தனையோ கீழே நிற்கிறது, உராய்வுக்கே பாதி போய்விடும். அதனால் வித்தியாசம் கொஞ்சம் குறைந்தாலும் நின்றுவிடுகிறது. சுடரைப் பெரிதாக்கியபோது டம்ளரின் சுவர் வழியாகச் சூடு ஏறி ஹெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்றே நாற்பது டிகிரிக்கு மேல், இறக்கைகள் எதில் சூட்டை விடும்? இன்னொன்றும் நடந்தது. ஹெட் அறுபதைத் தாண்டியதும் கேஸ்கெட் தோலில் ஏற்றிய மெழுகு உருகி வழிந்து, அங்கே கசிவும் தொடங்கியிருந்தது.

ஸ்வீடன் நாட்டுக் கடற்படையில் காட்லாண்ட் வகை நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு அடியில் ஸ்டிர்லிங் எஞ்சினால்தான் மின்சாரம் எடுக்கின்றன என்று முன்பே படித்திருந்தேன். அப்போது நான் அதன் சத்தமின்மையை மட்டும் கவனித்தேன். சுற்றிலும் குளிர்ந்த கடல் இருக்கிறதே என்பது இப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம், சூட்டில் ஓடும் எஞ்சின் இங்கே பிரமாதமாக ஓடும் என்று என்னிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். நானும் நம்பினேன். வேலூர், ராணிப்பேட்டையில் இந்த எஞ்சினுக்குக் கிடைக்காத சரக்கு குளிர்ச்சி.

ஐஸ் வைத்துப் பார்த்தேன், ஓடியது. ஆனால் ஐஸ் வாங்கி வைத்து ஓட்டுவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. திண்ணையில் மண்பானை இருக்கிறது. மே மாதத்தில்தான் அதில் தண்ணீர் மிக ஜில்லென்று இருக்கும், மழைக் காலத்தில் அப்படி இருக்காது. பானையின் மேல் கசியும் ஈரத்தை வறண்ட காற்று உறிஞ்சும்போது கூடவே சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பழைய வேட்டியைக் கிழித்து, ஹெட்டின் இறக்கைகளுக்கு நடுவே நுழைத்துச் சுற்றி, துணியின் ஒரு முனையைப் பக்கத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் தொங்கவிட்டேன். துணி தானே தண்ணீரை இழுத்துக்கொண்டது. சுடரைப் பாதியாகக் குறைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணி, அனல் காற்று. ஹெட் 46 டிகிரியில் நின்றுவிட்டது. எஞ்சின் ஸ்பிரிட் தீரும் வரை ஓடியது, நாற்பது நிமிடம். வறண்ட காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் அதன் ஓட்டம் கூடுவது காதிலேயே கேட்டது.

எக்கனமைசரையும் முயன்றேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பிரித்து உள்டப்பாவைச் சுற்றி மெல்லியதாக ஒட்டினேன். காற்று ஏறும்போது சூட்டை அதில் விட்டு, இறங்கும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று கணக்கு. இடுக்கு இரண்டு மில்லிதான், நார் சுவரில் உரசி எஞ்சினைப் பிடித்துவிட்டது. எடுத்துவிட்டேன். அடுத்த எஞ்சினில் இதற்குத் தனி வழி வைக்க வேண்டும்.

பாதிரியாரின் தம்பி ஜேம்ஸ் ஸ்டிர்லிங் ஒரு பொறியாளர். அவர் 1843ல் டண்டி நகர வார்ப்படச் சாலையில் இருந்த நீராவி எஞ்சின் ஒன்றையே காற்று எஞ்சினாக மாற்றி ஓட்டினார். சில வருசம் ஓடியது. ஆனால் சூடு படும் அடிப்பாகம் திரும்பத் திரும்பக் கெட்டுப்போய், கடைசியில் கைவிட்டார்கள். அந்தக் கால இரும்பு அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913ல்தான். எவர்சில்வர் சூட்டைத் தாங்கும், அதே சமயம் அலுமினியம் மாதிரி சூட்டை வேகமாகக் கடத்தாது. அடியில் இருக்கும் சூடு சுவர் ஏறித் தலைக்கு வர நேரம் பிடிக்கும். இந்த எஞ்சினுக்கு வேண்டிய குணம் இரண்டும் அதில் இருக்கிறது. அந்த அண்ணன் தம்பிக்குக் கிடைக்காத உலோகம் எங்கள் அடுக்களையில் நாற்பது வருசமாக மோர் குடிக்கப் பயன்பட்டிருக்கிறது. ராத்திரி டம்ளரைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்து, மடியில் வைத்தபடியே பஸ்ஸில் சத்துவாச்சாரிக்குக் கொண்டுபோனேன். மாமாவுக்கு இப்போது படி இறங்கவே சிரமம். கூடத்தில் மேசையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஃபேனை நிறுத்தி, விளக்கைக் கொளுத்தினேன். ஒரு நிமிடம் சூடாக விட்டுச் சுண்டினேன். கண்ணாடித் தண்டு மேலும் கீழும் போக ஆரம்பித்தது. டிக் டிக் என்று மெல்லிய சத்தம்.

மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டம்ளரில் இருக்கும் தன் இனிஷியலைப் பார்த்தாரா, சிரிஞ்சைப் பார்த்தாரா தெரியவில்லை. பிறகு இடது கை வாட்சைத் திருப்பினார். வலது கை இரண்டு விரலை மேசை மேல், எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார். நோயாளிக்கு நாடி பார்ப்பது போலவே உதடு அசையப் பொட்டை எண்ணினார். பதினைந்து செகண்ட்.

"நாப்பத்தி மூணு. நாலால பெருக்கு. நூத்தி எழுபத்தி ரெண்டு."

அத்தை அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தார். "துணி காஞ்சிகினு வருது பாரு" என்று சொல்லிவிட்டு, சொம்போடு வந்து வேட்டித் துணி மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டார். மாமா மறுபடி வாட்சைப் பார்த்தார்.

"நாப்பத்தி ஏழு" என்றார். "எழுதிக்கோ."